கேட்டாள் கண்ணகி, கேட்டான் மன்னன்!



மயிலைக் கடற்கரைச் சாலையிலே நிமிர்ந்து நிற்கிறது தமிழகக் காவல்துறையின் தலைமை அலுவலகம். அதே சாலையிலே வடக்கே நடந்தால், சிலம்பேந்தி நிற்கிறாள் கண்ணகி. சிலை எழுப்பும் கேள்வி அந்த மாளிகைக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறதா?

பொற்கொல்லன் சொல்லை நம்பினான் பாண்டியன், விசாரிக்கவில்லை, வெட்டுண்டான் கோவலன். ஆயினும், நீதி கேட்டு வந்தவளை அவன் விரட்டவில்லை. அவைக்கு அழைத்தான், வழக்கைக் கேட்டான், சிலம்பை வரவழைத்தான். முத்து இருக்கவேண்டிய இடத்திலே மாணிக்கம் தெறித்ததும், தவறு தனதே என்று ஒப்பி உயிர் துறந்தான். கேட்பது, சான்றைக் காட்டுவது, பொறுப்பேற்பது: தவறிழைத்த அரசின் கடமை இம்மூன்றுமன்றோ!

முடியரசில் நடந்தது குடியரசில் நடக்கிறதா?

1997 மார்ச் 31. டில்லி கன்னாட் பிளேஸ். தேடப்பட்ட குற்றவாளி என்றெண்ணி ஒரு காரைச் சூழ்ந்து சுட்டது போலீஸ். மாண்டவர் இருவரும் வணிகர்கள்! காரிலிருந்துதான் முதலில் சுட்டார்கள் என்று சாதித்தனர். சி.பி.ஐ. விசாரித்தது, நீதிமன்றம் அக்கதையை ஏற்கவில்லை. உதவி ஆணையர் உட்படப் பத்துப் பேரின் ஆயுள் தண்டனையை உச்சநீதிமன்றம் உறுதி செய்தது 2011-இல். நீதி வந்தது, பதினான்கு ஆண்டு நடந்து!

2005 ஜூலை 22. குண்டு வைக்க வந்தவன் என்று தவறாகக் கருதி, பிரேசில் நாட்டு மின்பணியாளர் ஒருவரை ரயிலுக்குள்ளே சுட்டுக் கொன்றது லண்டன் போலீஸ். எச்சரித்த பிறகே சுட்டோம் என்ற கூற்றை, 2008-இல் மரண விசாரணை ஜூரிகள் நம்ப மறுத்தனர். எனினும் சுட்டவர் எவரும் கூண்டேறவில்லை.

இனி நம் வீட்டு வாசல். 2012 பிப்ரவரி 23, பொழுது புலருமுன், வேளச்சேரி வீடொன்றில் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெருங்குடி, கீழ்க்கட்டளை வங்கிகளைக் கொள்ளையடித்தவர்கள் என்றது போலீஸ். அவர்களே முதலில் சுட்டதாகவும், ஆய்வாளர் இருவர் காயமுற்றதாகவும் கூறிற்று. மனித உரிமையாளர்கள் ஐயம் எழுப்பினர். ஐவரும் கொள்ளையரா? இருக்கலாம். ஆனால் அதைக் கூறவேண்டியது நீதிமன்றம். துப்பாக்கிக் குழல் அன்று. பிணம் வாதாடாது, பிழை நேர்ந்திருந்தால் அதைத் திருத்த மேல்முறையீடும் கிடையாது. மாண்டவனுக்கு எஞ்சிய ஒரே வழக்கறிஞர், மரண விசாரணைதான்!

2014 செப்டம்பர் 23-இல் உச்சநீதிமன்றம் விதி வகுத்தது: சுட்ட படையே புலனாய்வு செய்யலாகாது, சி.ஐ.டி.யோ வேறு நிலையத்தாரோ செய்யவேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். சம்பவத்தை ஒட்டியே பதவி உயர்வும் வீரப் பதக்கமும் கூடாது.

காவலர் உயிரும் உயிரே. தற்காப்புக்குச் சுடும் உரிமை அவருக்குண்டு. மெய்யாகவே தற்காத்தவருக்கு விசாரணை பகையன்று. பழியிலிருந்து காக்கும் கவசம். அஞ்சவேண்டியவர், மறைக்க ஏதேனும் உடையவரே!

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. ஒவ்வொரு விசாரணை அறிக்கையும் காலவரையறைக்குள் வெளிவரட்டும்; மாண்டவரின் குடும்பத்தார் கையில் அதன் நகல் சேரட்டும். அறிக்கை அலமாரியில் உறங்கினால், கோவலன் இரண்டாம் முறை வெட்டுண்கிறான்.

பாண்டியன் வாயிற்கதவைத் திறந்தான். நம் கோட்டைக் கதவு திறக்கட்டும்!