தலைவரைத் தேடும் ஊர்கள் நிர்வாகியைத் தேடுவது எப்போது?

2025 மே 6ஆம் திகதி நாட்டின் 339 உள்ளூராட்சி சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. நீதிமன்ற வழக்குகள் காரணமாக அந்தப் பட்டியலில் கல்முனை மாநகர சபை இருக்கவில்லை. 2023 மார்ச்சில் பழைய சபையின் பதவிக்காலம் முடிந்த பின்னர் மாநகரம் ஆணையாளரின் பொறுப்புக்குப் போனது. இது பற்றி எமது ஊர்களில் நடக்கும் பேச்செல்லாம் ஒரே இடத்தில்தான் போய் முடிகிறது. அடுத்த முதல்வர் யார்? எந்த ஊர்? எந்தக் கட்சி?

நான் வேறொரு கேள்வியைக் கேட்க விரும்புகிறேன். முதல்வர் யாராக வந்தாலும், குப்பை வண்டி எந்த நாளில் எந்த வீதிக்கு வரும் என்று அட்டவணை போடுபவர் யார்? மாரி மழை தொடங்க முன்னர் வடிகான்களைத் துப்புரவு செய்ய ஆளும் பணமும் ஒதுக்குபவர் யார்? வரி நிலுவையைக் கணக்கெடுத்து அறவிடுபவர் யார்? இவை மேடையில் பேசி முடிக்கும் விடயங்கள் அல்ல. முகாமைத்துவம் தெரிந்தவர்கள் மேசையில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலைகள்.

தலைமைத்துவத்தைப் பிறவிக் குணமாகவும் முகாமைத்துவத்தை எழுதுவினைஞரின் வேலையாகவும் நாம் பிரித்து வைத்திருக்கிறோம். அந்தப் பிரிப்புக்குத்தான் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்கள் நீண்ட காலமாக விலை கொடுக்கின்றன என்பது என் கருத்து.

எமது பிரதேசத்தில் தலைமைத்துவம் என்றதும் நினைவுக்கு வரும் பெயர் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப். அவர் அமைச்சராக இருந்த காலத்தில் 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கப்பட்டு, 1996 மே மாதத்தில் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்ததுதான் ஒலுவிலில் இன்று நிற்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அதே ஒலுவிலில் ஒரு துறைமுகம் வேண்டும் என்பதும் அவருடைய கனவு. 2000 செப்டெம்பர் 16இல் அவர் விபத்தில் காலமான பின்னர், டென்மார்க் கடனுதவியில் அது கட்டப்பட்டு 2013 செப்டெம்பரில் திறந்து வைக்கப்பட்டது.

இரண்டும் அருகருகே இருக்கின்றன. பல்கலைக்கழகம் வருடா வருடம் மாணவரை எடுக்கிறது, பட்டம் வழங்குகிறது, புதிய பீடங்களைச் சேர்த்திருக்கிறது. துறைமுகத்தின் வாயிலை மணல் மூடியது. தோண்டினார்கள், மறுபடியும் மூடியது. ஒலுவில், நிந்தவூர் கரைகளைக் கடல் தின்றது. தோணி இழுத்து வைத்த கரையையும் தென்னங்காணியையும் இழந்தவர்கள் நஷ்டஈடு கேட்டு அலைந்தார்கள்.

இதை எளிதாக ஒப்பிட்டுவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். கடலின் மணலோட்டம் பொறியியல் விடயம், அதில் தேசிய அரசியலும் உண்டு. ஆனாலும் ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் இருக்கிறது, பேரவை இருக்கிறது, மூதவை இருக்கிறது, நிதியாளர் இருக்கிறார், வருடாந்த வரவுசெலவு இருக்கிறது. உபவேந்தர் மாறினாலும் அடுத்த நாள் விரிவுரை நடக்கும். துறைமுகத்தில் ஒவ்வொரு வருடமும் மணலை யார் அள்ளுவது, எந்தப் பணத்தில் அள்ளுவது, கரையிழந்தவனுக்கு எந்த அலுவலகம் பதில் சொல்வது என்ற கேள்விகள் திறப்பு விழாவுக்குப் பின்னரும் தீராமல் கிடந்தன. ஒரு தலைவர் கதவைத் திறந்து விடலாம். அது மறுநாளும் திறந்திருக்க வேண்டுமானால் உள்ளே வேறு ஆட்கள் வேண்டும்.

அந்த ஆட்களை உருவாக்குவதற்கென்றே உலகில் கல்லூரிகள் இருக்கின்றன. பிரித்தானியாவில் தொடர்கல்விக் கல்லூரி என்று ஒன்று உண்டு. பாடசாலை முடித்தவரும் வேலை செய்பவரும் பல்கலைக்கழகம் போகாமலே தொழில் கற்கும் இடம் அது. தச்சுவேலையும் தாதிமை உதவியும் கற்பிக்கும் அதே கட்டடத்தில் தலைமைத்துவமும் முகாமைத்துவமும் கற்பிக்கிறார்கள். பத்துப் பேருக்குப் பொறுப்பான ஒரு மேற்பார்வையாளர் மாலை வகுப்புக்கு வந்து கற்பது மிகச் சாதாரண விடயங்கள்: வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பது, கூட்டத்தை நேரத்துக்கு முடிப்பது, முடிவை எழுதி வைப்பது, பிணக்கைத் தீர்ப்பது, பட்ஜட் போடுவது, தன் இடத்துக்கு அடுத்தவரைத் தயார் செய்வது.

இந்தப் பட்டியலை எமது ஊரின் நிறுவனங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எமது பள்ளிவாசல்களில் பலவற்றுக்கு வாடகைக் கடைகள் இருக்கின்றன, வயற்காணி இருக்கிறது, சந்தா இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம் நம்பிக்கையாளர்கள் கணக்கு வைத்திருக்கவும் சமர்ப்பிக்கவும் வேண்டும் என்கிறது. ஆனால் நிர்வாக சபை மாறும்போது பழையவர்கள் புதியவர்களிடம் கையளிப்பது பல இடங்களில் ஒரு சாவிக்கொத்தும் ஒரு கொப்பியும்தான். மீனவர் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், ஸகாத் நிதியம், ஜனாஸா நலன்புரிச் சங்கம் என்று எதை எடுத்தாலும் நேர்மையான மனிதர்கள் இருக்கிறார்கள். நேர்மையானவரின் கணக்கும் எழுதப்படாவிட்டால் சந்தேகத்துக்கு ஆளாகும். பிறகு ஊர் இரண்டாகும், பள்ளிவாசலும் இரண்டாகும்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. இதை நாம் எல்லோரும் பயானில் கேட்டிருக்கிறோம். அந்த எழுத்துப் பழக்கத்தை எமது பொது நிறுவனங்களில் ஒரு தகைமையாக நாம் இன்னும் கேட்கவில்லை.

2004 சுனாமியின்போது எமது மக்கள் காட்டிய வேகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். உயிரிழப்பு மிக அதிகமான மாவட்டம் அம்பாறை. அன்று ஜனாஸாக்களை அடக்கியதும் சோறு சமைத்ததும் பெரும்பாலும் ஊர் இளைஞர்கள்தான். அவசரத்தில் திரள்வதற்கு எமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவசரம் முடிந்த பின்னர் ஐந்து வருடம், பத்து வருடம் ஒரு வேலையைத் தொடர்வதைத்தான் நாம் கற்க வேண்டும்.

இந்தத் தேவை கண்ணுக்குத் தெரிய முன்னரே சந்தைக்குத் தெரிந்துவிட்டது. லீடர்ஷிப், மெனேஜ்மன்ட் என்ற பெயரில் டிப்ளோமாக்கள் விளம்பரமாகின்றன. வெளிநாடு போக இருக்கும் இளைஞர்களும் அரச வேலையில் பதவி உயர்வு எதிர்பார்ப்பவர்களும் பணம் கட்டுகிறார்கள். இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

"லெவல் 5" என்ற ஒரே சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. இங்கிலாந்தின் தகைமைச் சட்டகத்தில் அது உயர் தேசிய டிப்ளோமாவின் மட்டம், இளமாணிப் பட்டத்துக்கு ஒரு படி கீழே. எமது நாட்டின் தேசிய தொழில் தகைமையான என்.வி.கியூ. ஏழு மட்டங்கள் கொண்டது. அதில் 5 என்பது டிப்ளோமா, 7தான் பட்டம். உயர்கல்விக்கான இலங்கைத் தகைமைகள் சட்டகமோ 12 மட்டங்கள் கொண்டது. அதில் 5 என்பது இளமாணிப் பட்டம். ஆகவே இங்கிலாந்தின் 5ஐ வைத்துக்கொண்டு இங்கே பட்டதாரி என்று எண்ணுபவர் ஏமாந்து போவார்.

இன்னொன்று, மட்டம் வேறு, அளவு வேறு. இங்கிலாந்து முறையில் 120 மணித்தியாலம் வரையான கற்கைக்கு "அவார்ட்" என்று பெயர். 121 முதல் 369 வரை "சேர்டிபிகேட்". 370 மணித்தியாலமும் அதற்கு மேலும் "டிப்ளோமா". அங்கே லெவல் 7 முதுமாணியின் மட்டம். ஆனால் லெவல் 7 அவார்ட் ஒன்று முதுமாணிப் பட்டம் ஆகாது. விளம்பரத்தில் மட்டம் பெரிய எழுத்தில் இருக்கும், அளவைத் தேட வேண்டியிருக்கும். பணம் கட்ட முன்னர் மூன்றைக் கேளுங்கள்: சான்றிதழை வழங்குவது எந்த அமைப்பு, மொத்தம் எத்தனை மணித்தியாலம், இந்நாட்டில் எந்த நிறுவனம் அதை ஏற்கிறது. தொழிற்கல்வி நிறுவனம் என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெளியே தேட முன்னர் வாசலில் இருப்பதைப் பார்ப்பதும் நல்லது. ஒலுவிலில் முகாமைத்துவ வர்த்தக பீடம் இருக்கிறது. சம்மாந்துறையில் தொழில்நுட்பக் கல்லூரியும், 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான உயர் தொழில்நுட்பவியல் நிறுவகமும் இருக்கின்றன. உயர்தரத்தில் சித்தியடைந்தும் இஸட் புள்ளி போதாமல் பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைக்கு இவை அரச வழிகள். வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பதால் பெண்பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி.

ஆனால் அந்த வழியிலும் ஒரு காயம் இருக்கிறது. 2015 ஒக்டோபர் 29ஆம் திகதி கொழும்பில் உயர் தேசிய கணக்கியல் டிப்ளோமா மாணவர்கள், தமது தகைமைக்கு வர்த்தகமாணிப் பட்டத்துக்குச் சமமான அங்கீகாரம் வேண்டும் என்று ஊர்வலம் போனார்கள். அவர்கள் மீது பொலிஸார் தடியடி நடத்தினர், நீர்த்தாரையும் பாய்ச்சினர். பட்டத்துக்கு மட்டுமே மரியாதை என்ற எமது மனப்பான்மை, டிப்ளோமா படித்த பிள்ளையை வீதிக்கு அனுப்புகிறது. கணக்கு எழுதத் தெரிந்தவர் வேலையில்லாமல் இருக்கிறார். அதே ஊரில் பொது நிறுவனங்கள் கணக்கில்லாமல் இருக்கின்றன. இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பதற்குக் கொழும்பின் அனுமதி தேவையில்லை.

அதற்கு மூன்று விடயங்களை முன்வைக்கிறேன். முதலாவது, கல்முனை முதல் பொத்துவில் வரையான பள்ளிவாசல் சம்மேளனங்கள், பல்கலைக்கழகத்தோடும் சம்மாந்துறை நிறுவனங்களோடும் பேசி, சங்க நிர்வாகிகளுக்கென்று வார இறுதியில் தமிழில் ஒரு குறுகிய பாடநெறியைக் கேட்க வேண்டும். உயர் டிப்ளோமாக்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. ஐம்பது வயது மீனவர் சங்கத் தலைவர் அதில் உட்கார முடியாது. அவருக்குத் தேவை பட்டமல்ல, கூட்டறிக்கையும் வரவுசெலவும்.

இரண்டாவது, டிப்ளோமா மாணவர்களுக்குப் பயிற்சிக் களமாக எமது நிறுவனங்களைத் திறந்து விட வேண்டும். ஆறு மாதம் ஒரு பள்ளிவாசலின் கணக்கை ஒழுங்குபடுத்திய மாணவர் நேர்முகப் பரீட்சையில் சொல்வதற்கு ஒரு வேலை இருக்கும். பள்ளிவாசலுக்குக் கணக்காய்வுக்குக் காட்ட ஒரு புத்தகம் இருக்கும்.

மூன்றாவது, பெண்கள். 2018 தேர்தலிலிருந்து உள்ளூராட்சி சபைகளில் 25 சதவீத இடம் பெண்களுக்கு என்று சட்டம் சொல்கிறது. எமது ஊர்களில் அந்த இடம் பலமுறை பெயருக்கு நிரப்பப்பட்டது. முகாமைத்துவமும் கணக்கியலும் கற்ற பெண்கள் எம்மிடம் இருக்கிறார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளராகவும் ஸகாத் நிதியத்தின் கணக்காளராகவும் அவர்களை அமர்த்தினால், நாளை மாநகர சபைக்குப் போகும்போது கைதூக்க மட்டும் போகமாட்டார்கள்.

கல்முனைக்குத் தேர்தல் ஒரு நாள் வரும், முதல்வரும் வருவார். அவருடைய திறமையில் பாதி, அவருக்குக் கீழே கோப்பை ஒழுங்காக வைத்திருப்பவர்களில்தான் தங்கியிருக்கும். இந்த வருட உயர்தரப் பெறுபேறு வந்ததும் வீட்டில் ஒரு பிள்ளை முகாமைத்துவம் படிக்கப் போகிறேன் என்றால், "அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்க முன்னர், எமது பள்ளிவாசலின் கடைசிக் கணக்கறிக்கை எந்த வருடத்தியது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.