கலாசாலை மாறலாமா?

நமது கூக்கால் மலையில் இரண்டு ஜாதிப் பயிர்கள் உண்டு. பூண்டும், உருளைக்கிழங்கும், காரட்டும் ஊன்றிய இடத்திலேயே முளைத்து, அங்கேயே விளைந்து, அங்கேயே தோண்டப்படுகிறவை. முட்டைக்கோஸ் அப்படியல்ல. நாற்று விட்டு, பதம் பார்த்துப் பிடுங்கி, வேறு பாத்தியில் நட்டால்தான் ஒழுங்காய்த் தலை கட்டும். காரட்டைப் பிடுங்கி நட எந்தக் குடியானவரும் துணியமாட்டார். கோஸ் நாற்றை நாற்றங்காலிலேயே விட்டுவைக்கவும் மாட்டார். ஆனால் பிள்ளைகளின் படிப்பு விஷயத்தில் மட்டும், எது பிடுங்கி நட வேண்டிய பயிர், எது கைவைக்கக் கூடாத பயிர் என்பது முன்கூட்டியே விளங்குவதில்லை.

ஆண்டுதோறும் கலாசாலைகள் திறக்கும் மாதத்தில் நம்மைத் தேடி வரும் பெற்றோர்களின் கேள்வி இதுதான்: “பையன் ஒரு வருஷம் இங்கே படித்துவிட்டான், நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறான். இனி மதுரைக்கோ சென்னைக்கோ பெரிய காலேஜுக்கு மாற்றிவிடலாமா, ஐயா?” இவ்வருஷம் கேட்டது ஒரு பெண். பூண்டு விவசாயியின் மகள், பௌதிகம் படிக்கிறாள். அவளுடைய வகுப்பில் அவளோடு போட்டி போட ஆள் இல்லை. அவள் கேட்கும் புஸ்தகம் நூல் நிலையத்தில் இல்லை. கேள்வி நியாயமானது. அதற்குச் சட்டென்று “ஆம்” என்றோ “கூடாது” என்றோ சொல்லிவிடுவது நியாயமாகாது.

முதலில் பழைய கதை ஒன்றைப் பார்ப்போம். ஸர் சி. வி. ராமன் திருச்சிராப்பள்ளியில் 1888-ம் வருஷம் பிறந்தவர். தகப்பனார் விசாகப்பட்டினத்தில் ஏ. வி. என். கலாசாலையில் போதகாசிரியர், ஆகவே ராமனும் எப்.ஏ. பரீட்சை வரையில் அங்கேதான் படித்தார். பிறகு பி.ஏ. வகுப்புக்குச் சென்னை பிரெஸிடென்ஸி கலாசாலைக்கு வந்தார். 1904-ல் முதல்வராகத் தேறிப் பௌதிகத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். 1906-ல், மாணவராயிருக்கும்போதே, அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை சீமையிலிருந்து வெளிவந்த ‘பிலாஸபிகல் மாகஸீன்’ பத்திரிகையில் அச்சேறிவிட்டது. 1930-ல் நோபெல் பரிசு. விசாகப்பட்டினத்தில் முளைத்த நாற்று சென்னையில் நடப்பட்டுத் தலை கட்டியது என்று சொல்வதில் தவறில்லை.

அதே காலத்தில் இன்னொரு பிள்ளையும் கலாசாலை மாறினார். கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் 1904-ல் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்த ஸ்ரீநிவாஸ ராமானுஜன், கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களைத் திரும்பிப் பாராமல் அந்தச் சம்பளத்தை இழந்தார். 1906-ல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தார். ஊர் பெரிது, கலாசாலையும் பேர் பெற்றது. பயன் என்ன? எப்.ஏ. பரீட்சை மறுபடியும் அவரைக் கீழே தள்ளிற்று. கும்பகோணத்தில் எந்தப் பாடங்கள் அவரை மறித்தனவோ, அவையே சென்னையிலும் வழியில் நின்றன. அவருக்கு வேண்டியிருந்தது வேறு கலாசாலை அல்ல. அவருடைய கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ளக் கூடிய ஒரு மனிதர். 1913-ல் சென்னை சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது. 1914-ல் அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். 1916-ல் அங்கே பட்டமும் பெற்றார். ஹார்டி என்ற மனிதர் அங்கே இருந்தார். அந்த இட மாறுதல் பலித்தது.

இவ்விரு சரித்திரங்களிலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ளும் பாடம் சுருக்கமானது: எதைவிட்டுப் போகிறோம் என்பதைவிட, எதை நாடிப் போகிறோம் என்பதே முக்கியம். ஓர் ஆசிரியர், ஓர் ஆராய்ச்சிச் சாலை, ஒரு நூல் நிலையம் – இவற்றில் ஒன்றைக் குறித்துச் சொல்லிப் போகிறவன் பிழைத்துக்கொள்வான். பெயரை மட்டும் நாடிப் போகிறவன் பெயரோடு நின்றுவிடக் கூடும்.

“பெயருக்கு மதிப்பில்லையா?” என்று கேட்பீர்கள். உண்டு. நம் கண்ணெதிரிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2018-ல் விளைந்த பூண்டு காரத்திலோ மணத்திலோ ஒரு பல்கூடக் குறைந்ததல்ல. ஆயினும், பெயர் இருந்தால்தான் முகம் தெரியாத ஊரில் சரக்கை நம்பி வாங்குகிறார்கள். பட்டத்தின் மேலுள்ள கலாசாலைப் பெயரும் அப்படித்தான். உத்தியோகம் கொடுப்பவர் பெண்ணின் மூளையைத் திறந்து பார்க்க முடியாது, முத்திரையைத்தான் பார்க்கிறார். இதைப் பழித்துப் பயனில்லை. ஆனால் முத்திரைக்காக என்ன விலை கொடுக்கிறோம் என்பதைக் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும்.

ராமன் மாறிய காலத்தில் விலை மிகக் குறைவு. ஏனெனில் 1926-ல் ஆந்திர சர்வகலாசாலை ஏற்படும் வரையில் விசாகப்பட்டினத்துக் கலாசாலையும் 1857-ல் பிறந்த சென்னை சர்வகலாசாலையின் குடையின் கீழ்தான் இருந்தது. ஒரே பாடத்திட்டம், ஒரே பரீட்சை. அதற்கும் மேலாக, இரண்டு வருஷம் முடிந்ததும் எப்.ஏ. என்ற ஒரு பரீட்சை இருந்தது. பின்னாளில் அதுவே இண்டர்மீடியட் ஆயிற்று. மாடிப்படி ஏறுகிறவனுக்கு நடுவில் ஒரு திண்ணை போட்டாற்போல. அங்கே சற்று நின்று, வேறு வாசல் வழியாகவும் மேலே ஏறலாம்.

அந்தத் திண்ணை பிறகு இடிக்கப்பட்டது. 1978-ல் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகள் ஏற்பட்டபோது, மாறிக்கொள்ளும் இடம் கலாசாலையை விட்டுப் பள்ளிக்கூடத்துக்கே இறங்கிவிட்டது. ஏறக்குறைய அதே சமயத்தில் சில பெரிய கலாசாலைகளுக்குத் தன்னாட்சியும் கிடைத்தது; அவரவர் பாடத்தை அவரவரே வகுத்துக்கொண்டார்கள். அதனால் நன்மைகள் பல. தீமை ஒன்று: இங்கே முதல் வருஷத்தில் படித்தது அங்கே மூன்றாம் வருஷப் பாடமாயிருக்கும், அங்கே முதல் வருஷத்தில் முடித்தது இங்கே தொடங்கியே இராது. பதினேழு வயதில் எழுதிய ஒரு பரீட்சையின் மார்க், மூன்று வருஷத்துக்கு ஒரு பிள்ளையின் இடத்தை ஆணியடித்து நிறுத்திவிடுகிறது.

இப்போது மாறுவதற்கு வழியே இல்லையா? இருக்கிறது, ஒற்றையடிப் பாதை. புதிய கலாசாலையில் அந்த வகுப்பில் காலியிடம் வேண்டும். இரண்டு கலாசாலைகளின் சம்மதம் வேண்டும். சர்வகலாசாலையின் அனுமதி வேண்டும். படித்த பாடங்கள் ஈடானவை என்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்பாத பாடங்களைத் திரும்ப எழுத வேண்டும். 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு ‘கிரெடிட் வங்கி’ என்ற ஏற்பாட்டை உண்டாக்கிற்று. மாணவர் சம்பாதித்த மதிப்பலகுகளை ஏழு வருஷம் வரையில் கணக்கில் வைத்திருந்து வேறிடத்தில் செலவழிக்கலாம் என்பது அதன் கருத்து. நல்ல கருத்து. ஆனால் வங்கியில் பணம் இருந்தாலும் கடைக்காரர் கதவைத் திறக்க வேண்டுமே! சேர்ப்பதும் சேர்க்காததும் கலாசாலையின் இஷ்டம்.

கதவைத் திறந்து வைத்த தேசங்களும் இருக்கின்றன. அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யம் 1960-ல் ஒரு பெருந்திட்டம் வகுத்தது. எல்லாரும் சேரக்கூடிய சிறு கலாசாலைகளில் இரண்டு வருஷம் படித்துத் தேறினவர்கள், பெரிய சர்வகலாசாலையில் மூன்றாம் வருஷத்தில் நுழைய அதில் வழி செய்யப்பட்டது. பின்னாளில் ஜனாதிபதியான பராக் ஒபாமாவும் அம்மாகாணத்துச் சிறு கலாசாலை ஒன்றில் இரண்டு வருஷம் படித்துவிட்டு 1981-ல் கொலம்பியா சர்வகலாசாலைக்கு மாறினவர்தான். நம் தமிழ்நாட்டிலும் இதற்கு உதாரணம் இல்லாமற் போகவில்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தவர்கள் பொறியியற் கலாசாலையில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேர்கிறார்கள். உலகம் இடிந்து விழவில்லை. இயந்திரத்துக்குத் திறந்த வாசல் பௌதிகத்துக்கும் தமிழுக்கும் சரித்திரத்துக்கும் ஏன் திறக்கவில்லை என்பதே நம் கேள்வி.

இனி அந்தப் பெண்ணுக்கு நாம் சொன்னதைச் சொல்கிறோம். மாறுவதால் ஒரு வருஷம் நஷ்டமாகுமா, உதவித் தொகை தொடருமா, விடுதிச் செலவு எவ்வளவு – இம்மூன்றையும் வாய்ப்பேச்சில் அல்ல, எழுத்தில் கேட்டு வாங்கு. புதிய இடத்தில் சேர்க்கை கைக்கு வருமுன் பழைய இடத்தில் மாற்றுச் சான்றிதழைக் கேட்காதே. ஒரு வருஷம் நஷ்டமாகுமென்றால், அந்த வருஷத்தை இங்கேயே முதலாகப் போடு. பி.எஸ்ஸி. முடித்தவர்களுக்கு இப்போது வேறொரு திண்ணை இருக்கிறது: ‘ஜாம்’ என்ற தேர்வை எழுதி, ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. வகுப்பில் சேரலாம். எந்த ஊர்க் கலாசாலையில் படித்தாய் என்று அந்தக் கேள்வித்தாள் கேட்பதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இன்னொரு பட்டத்துக்குப் படிக்கவும் 2022-லிருந்து விதி இடம் கொடுக்கிறது, சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய இணையவழிப் படிப்பில் கூக்காலிலிருந்தும் சேரலாம், கம்பி வழியோ காற்று வழியோ இணைப்பு நின்று பிடித்தால். உனக்கு வேண்டியது புஸ்தகமும் போட்டியுமானால், அவற்றில் பாதி உன்னைத் தேடி மலையேறி வரக்கூடும். வேண்டியது ஆராய்ச்சிச் சாலையானால், போகத்தான் வேண்டும், போ.

அவளுடைய தகப்பனார் ஒரு கேள்வி கேட்டார்: “கெட்டிக்காரப் பிள்ளைகளெல்லாம் போய்விட்டால் மிச்சப் பிள்ளைகளுக்கு யார் துணை?” இது நம்மைச் சிந்திக்க வைத்த கேள்வி. வகுப்பில் ஒரு நல்ல மாணவி இருந்தால் பத்துப் பேர் அவளைப் பார்த்துப் படிக்கிறார்கள். ஆசிரியரும் இரவில் புஸ்தகத்தைப் புரட்டிவிட்டு வருகிறார். அவள் போனால் வகுப்புக்கு நஷ்டந்தான். ஆனால் சிறு கலாசாலையை நல்ல கலாசாலையாக்கும் பொறுப்பைப் பத்தொன்பது வயதுப் பெண்ணின் தலையில் ஏற்றிவைப்பது தர்மமாகாது. அது சர்க்காரின் பொறுப்பு. நம்மைப் போன்றவர்களின் பொறுப்பு.

பெரிய கலாசாலைகளுக்கு ஒரு வார்த்தை. முதல் வருஷத்தில் சேர்ந்த பிள்ளைகளில் சிலர் வைத்தியத்துக்கும் பொறியியலுக்கும் இடம் கிடைத்ததும் எழுந்து போய்விடுகிறார்கள். அந்த நாற்காலிகள் மூன்று வருஷமும் காலியாகவே கிடக்கின்றன. அவற்றுக்கு விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, ஆசிரியர் சம்பளம் நடக்கிறது. உட்கார ஆள் மட்டும் இல்லை. இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் ஒரு தேர்வு வைத்து, சிறு ஊர்க் கலாசாலைகளில் முதல் வருஷத்தை நன்றாய் முடித்த பிள்ளைகளால் அந்த இடங்களை நிரப்பினால் யாருக்கு என்ன குறை? விடுபட்ட பாடங்களைக் கோடை விடுமுறையில் சொல்லிக் கொடுத்துவிடலாம். புதிய கட்டிடம் வேண்டாம். புதிய உத்தியோகஸ்தர் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும்.

காலி நாற்காலி பட்டணத்தில் இருக்கிறது. உட்கார வேண்டிய பிள்ளை மலைமேல் இருக்கிறாள். நடுவிலிருப்பது பஸ் மாறிப் போகும் ஒரு பகல் தூரந்தான். அதை ஏழு கடல் தூரமாக ஆக்கி வைத்திருப்பவர்கள் மனிதர்கள். ஆகையால் மனிதர்களே அதைக் குறைக்கவும் முடியும்.