சுவிட்சைத் தொடுமுன் எண்ணைத் தேடுங்கள்

பழைய ரேடியோ கன்ட்ரோல் டிரான்ஸ்மிட்டர் ஒன்று கைக்குக் கிடைத்தால் முக்கால்வாசிப் பேர் பேட்டரியைப் போட்டுச் சுவிட்சைத் தட்டித்தான் பார்க்கிறார்கள். விளக்கு எரிந்தால் சரி, வேலை செய்கிறது என்று முடிவு. ரேடியோ ரிப்பேர் மேசையில் காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது தவறு. அது எந்த அதிர்வெண்ணில் பேசுகிறது என்று தெரியாமல் அதற்கு உயிர் கொடுக்கக் கூடாது. பக்கத்து மைதானத்தில் அதே அதிர்வெண்ணில் ஒருவருடைய மாடல் விமானம் பறந்துகொண்டிருந்தால், அந்த நொடியே அது அவர் பேச்சைக் கேட்காமல் போகும். கீழே குழந்தைகள் நிற்கலாம்.

இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் தங்களுக்குள் அடையாளம் வைத்துக்கொண்டு ஒன்றையொன்று குழப்பாமல் இயங்குகின்றன. அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பயமே தெரிவதில்லை. பரணிலிருந்தும் பழைய சாமான் கடையிலிருந்தும் வரும் பெட்டிகளோ இன்னும் பழைய காலத்திலேயே இருக்கின்றன. அந்தக் காலத்து மைதானங்களில் பலகையில் அதிர்வெண்ணுக்கு ஒன்றாக எண் போட்ட கிளிப்புகள் தொங்கும். உங்கள் எண்ணின் கிளிப் உங்களிடம் இல்லாமல் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யக் கூடாது. அருமையான ஒழுங்கு அது.

அண்மையில் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர், அமெரிக்காவிலிருந்து உறவினர் எப்போதோ கொண்டுவந்த செட்டை எடுத்து வந்தார். ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தது. ஆன்டெனா நுனியில் அதிர்வெண்ணை நிறத்தால் காட்டும் ஒரு பச்சை ரிப்பன். “பச்சைன்னா 27.195 தானே சார்?” என்றார். படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். ஆனால் அங்கே பழைய முறையில் பச்சையோடு வெள்ளையும் சேர்ந்தால் 75.640 மெகாஹெர்ட்ஸ். வெள்ளை ரிப்பன் அறுந்து விழுந்திருந்தால்? “தம்பி, ரிப்பனை நம்பாதே, அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் கிரிஸ்டலைப் பார்” என்றேன்.

டிரான்ஸ்மிட்டரின் கிரிஸ்டலில் எழுத்து அழிந்திருந்தது. நல்லவேளையாக ரிசீவரும் கூடவே இருந்தது, அதன் கிரிஸ்டலில் 26.740 என்று இருந்தது. சாதாரண ரிசீவர்களில் இரண்டு கிரிஸ்டலுக்கும் இடையே 455 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம் இருக்கும். கூட்டினால் 27.195. பையன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்!

எல்லாச் செட்டிலும் கணக்கு இவ்வளவு எளிதாக அமையாது. சில சர்க்யூட்டுகள் கிரிஸ்டலின் அதிர்வை மும்மடங்காக்கி வெளியே அனுப்பும். ஆன்டெனா நீளமும் ஏமாற்றும். 27 மெகாஹெர்ட்ஸில் கால் அலை நீளம் சுமார் 2.8 மீட்டர். அவ்வளவு நீளக் கம்பியை யார் தூக்குவார்கள்? உள்ளே ஒரு காயிலைப் போட்டுக் கம்பியைச் சுருக்கிவிடுவார்கள். ஃபிரீக்வென்சி கவுன்ட்டரை வைத்தாலும் ஏஎம் செட்டில் எண் குறைவாகக் காட்டக்கூடும். துடிப்புகளுக்கு நடுவே அலை நின்று நின்று வருவதுதான் காரணம். எனக்குப் பிடித்த வழி, கம்ப்யூட்டரில் செருகும் டிவி டாங்கிள். சாஃப்ட்வேர் துணையோடு அது சுமார் 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,700 வரை அலைகளைத் திரையில் கோடாகக் காட்டும். பறக்கும் மைதானங்களுக்கு வெகு தொலைவில், ஆன்டெனாவை மடக்கி, ஓரிரு நொடி மட்டும் ஆன் செய்து பார்த்தால் போதும்.

எண்ணைப் பொறுத்துத்தான் விதியும். பிரிட்டனில் 35 மெகாஹெர்ட்ஸ் விமானத்துக்கு, 40 காருக்கும் படகுக்கும். அமெரிக்காவில் 72 விமானத்துக்கு, 75 தரையில் ஓடுவதற்கு. நம் நாட்டில் 26.957 முதல் 27.283 வரை குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் வேண்டாம். எண் தெரியாதவர் இதில் எந்த விதியை எப்படி மதிப்பார்?

பழைய செட்டுகளை விற்கும் கடைக்காரர்களிடம் நான் கேட்பது இதுதான்: எண்ணைக் கண்டுபிடித்து, ஒரு துண்டு டேப்பில் எழுதி, பெட்டியின் முதுகில் ஒட்டிக் கொடுங்கள். கண்டுபிடிக்க முடியாவிட்டால் கிரிஸ்டலைக் கழற்றிவிட்டு விற்றுவிடுங்கள்.