நம்ம நிகழ்ச்சிதானே, சும்மா வாசிங்க தோழர்

ஏப்ரல் நெருங்கினால் எனக்கு இரண்டு விதமான அழைப்புகள் வரும். ஒன்று, "தோழர், 14ஆம் தேதி நம்ம கூட்டத்துல நீங்க பேசணும்." இன்னொன்று, "அக்கா, 14ஆம் தேதி உங்க பேண்டோட வந்து ஒரு அரை மணி நேரம் வாசிக்கணும்." முதல் அழைப்பில் பஸ் செலவு, சிறு மதிப்பூதியம் எல்லாவற்றையும் அவர்களே கூச்சத்தோடு சொல்லிவிடுவார்கள். இரண்டாவது அழைப்பில் அந்தப் பேச்சே வராது. நாமாகக் கேட்டால் எதிர்முனையில் ஒரு நொடி அமைதி. பிறகு, "நம்ம நிகழ்ச்சிதானே அக்கா."

இரண்டுக்கும் வருவது ஒரே ஆள்தான். மைக் முன்னால் நின்று பேசினால் எனக்கு மதிப்பூதியம் உண்டு. அதே மேடையில் பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றால் பிரியாணிப் பொட்டலமும் நீலத் துண்டும். ஏன் இப்படி என்று பல வருடம் நானும் யோசிக்கவில்லை.

எங்களுடையது ஐந்து பேர் குழு. பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், வேண்டாம். பாடகி கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி. அவளுடைய அம்மா மாநகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். ட்ரம்மர் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறவர். கீபோர்டு வாசிப்பவருக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. லீட் கிட்டார் வாசிக்கும் தம்பி சட்டம் படிக்கிறான். நான் வியாசர்பாடி சர்ச்சில் பேஸ் கற்றுக்கொண்டவள். ஆசைப்பட்டு எடுத்ததில்லை. கொயரில் கிட்டாருக்கு ஆள் நிறைய இருந்தார்கள், அந்த நான்கு தடித்த கம்பிகளைத் தொட ஒருவரும் இல்லை. அதனால் என் கைக்கு வந்தது.

பேஸ் வாசிப்பவரின் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ட்ரம்மரின் வலது கால் எங்கே விழுகிறதோ, அங்கே என் விரலும் விழ வேண்டும். முடி அளவு பிந்தினாலும் பாட்டு தள்ளாடும். கேட்பவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரியும், எது என்று தெரியாது. இந்த ஒட்டுதல் ஒரு நாளில் வராது. அரை மணி நேர நிகழ்ச்சிக்கு ஆறு பாட்டு வேண்டும். ஆறு பாட்டுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஞாயிறுக்கு மூன்று மணி நேரம் ஒத்திகை. நாங்கள் போகும் ஒத்திகை அறைக்கு மணிக்கு 400 ரூபாய். இது தவிர கம்பி தேய்ந்தால் ஒரு செட் வாங்க 2,000 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும்.

பிறகு சவுண்ட். நம் கூட்டங்களில் பெரும்பாலும் பேச்சுக்கு ஏற்ற ஹாரன்களைத்தான் கட்டுவார்கள். பேஸின் கடைசிக் கம்பி நொடிக்கு சுமார் 41 தடவை அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியை ஹாரன் குழாய் வெளியே விடாது. ஒரு முறை நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பையன் மிகுந்த அக்கறையோடு கேட்டான்: "அக்கா, உங்க கிட்டார்ல சத்தமே வரலையே, ரிப்பேரா?" அதற்குப் பிறகு சொந்த ஆம்ப்பை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன். அந்த ஆட்டோ வாடகையும் என் கணக்கில்தான். ராத்திரி 11 மணிக்கு மேல் பாடகியை அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் நான் என் வீட்டுக்குப் போக முடியும். "வண்டியில கூட்டிட்டு வந்து விடறதா இருந்தா அனுப்பறேன்" என்று அவளுடைய அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். சரியாகத்தான் சொன்னார். மேடையில் பெண்கள் இல்லையே என்று வருத்தப்படும் தோழர்கள் இந்த வண்டிக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

நாங்கள் வாசித்த முதல் பொது நிகழ்ச்சிக்கு அப்பா வந்திருந்தார். முடிந்து வெளியே வரும்போது, "எவ்ளோம்மா குடுத்தாங்க?" என்றார்.

"காசெல்லாம் இல்லப்பா. நம்ம ஆளுங்க நிகழ்ச்சி."

அப்பா கொஞ்ச தூரம் ஒன்றும் பேசாமல் நடந்தார். அப்புறம், "எங்கப்பன்கிட்டயும் அப்படித்தாம்மா சொல்வாங்க. நம்ம ஊரு சாவுதானடான்னு" என்றார்.

தாத்தா செய்யாறு பக்கத்தில் ஒரு கிராமத்தில் பறையடித்தவர். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் ஆள் வரும், போயாக வேண்டும். காய்ச்சலோ அறுவடையோ காரணமாகச் சொல்ல முடியாது. திரும்பி வரும்போது கையில் கொஞ்சம் நெல் இருக்கும், வாயில் சாராய வாசம் இருக்கும். அதைக் கூலி என்று யாரும் சொன்னதில்லை, சுதந்திரம் என்றார்கள். உரிமை என்ற பொருளில் வழங்கிய சொல்லாம். என்ன கிண்டல் பாருங்கள். அப்பா பதினேழு வயதில் சென்னைக்கு ஓடி வந்தவர், தோல் கட்டிய எதையும் வீட்டுக்குள் விட்டதில்லை. நான் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவருக்கு இருந்த சந்தோஷத்துக்கு ஒரு காரணம் அதில் தோல் இல்லை என்பது. அப்படிப்பட்டவர் கேட்ட கேள்வி அது.

'வெட்டி' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். வேலையில்லாமல் திரிந்தால் வெட்டி. ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி என்பது ஊதியமில்லாமல் செய்துகொடுக்க வேண்டிய உடல் உழைப்பு. வெட்டியான் என்ற சொல்லுக்குள் இருப்பதும் அதுதான். கூலி இல்லாத உழைப்பு, போகப் போக உழைப்பே இல்லை என்றாகிவிட்ட கதை அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது.

அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகர் வதன் முறையைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். பரம்பரைக் கடமை என்ற பெயரில், அற்ப மானியத்துக்கும் தானியத்துக்கும் இரவு பகல் பாராமல் ஒரு சாதியையே வேலை வாங்கும் ஏற்பாட்டை எதிர்த்த மசோதா அது. கௌரவத்தையும் கூலியையும் அவர் தனித்தனிப் பிரச்சினைகளாகப் பார்க்கவில்லை. பின்னால் அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு கூலியில்லாக் கட்டாய உழைப்பைத் தடை செய்தது. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான், ஏனென்றால் பசியும் ஒரு கட்டாயம். எங்கள் பேண்டை வாசிக்கச் சொன்ன மாணவர்கள் மேல் 23ஆம் பிரிவில் வழக்குப் போடலாம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் தட்ட முடியாத அழைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை அந்தத் தீர்ப்பு நமக்குச் சொல்லித் தருகிறது. எங்களைக் கட்டாயப்படுத்துவது பசி அல்ல, 'துரோகி' என்ற சொல் மீதான பயம். காசு கேட்டால், "இவங்களும் வியாபாரம் ஆயிட்டாங்க" என்பார்கள். சவுண்ட் சர்வீஸ்காரரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. பந்தல்காரரையும் இல்லை. ஃபிளெக்ஸ் அடிப்பவருக்கு முன்பணமே போய்விடுகிறது.

பேஸ் வாசிக்கிற யாரைக் கேட்டாலும் ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற பெயரைச் சொல்வார்கள். டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனம் 1960களில் உலகத்தையே ஆடவைத்த பாட்டுகளில் கணிசமானவற்றுக்கு பேஸ் வாசித்த கறுப்பினக் கலைஞர். ஒரே ஒரு விரலால் வாசிப்பார். அந்த ஸ்டுடியோ வாத்தியக்காரர்களின் பெயர்கள் இசைத்தட்டு அட்டையில் வரவே இல்லை. 1971இல் மார்வின் கேயின் ஆல்பத்தில்தான் முதன்முதலாக அச்சானது. 1983இல் மோடவுன் தன் 25ஆம் ஆண்டைத் தொலைக்காட்சியில் கோலாகலமாகக் கொண்டாடியபோது ஜேமர்சன் மேடையில் இல்லை. அதே வருடம் ஆகஸ்டில் 47 வயதில் இறந்துபோனார். மோடவுன் ஒரு கறுப்பினத்தவர் தொடங்கிய நிறுவனம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம்மவர் நடத்துவது என்பதாலேயே கணக்கு நேராகிவிடுவதில்லை. இங்கேயும், கேசட் அட்டையில் இசையமைப்பாளர் பெயர், பாடகர் பெயர், பாடலாசிரியர் பெயர் எல்லாம் இருக்கும். வாசித்தவர் பெயரை என் சிறுவயது கேசட் எதிலும் நான் பார்த்ததில்லை. ராஜா சார் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் பேஸ் கற்றேன். அந்த விரல்களில் பல சசிதரனுடையவை என்று தெரிய எனக்கு முப்பது வயதாக வேண்டியிருந்தது.

இனி என் பக்கத்துக் குற்றம். சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனத்தில் ஒரு கருத்தரங்கம். பட்ஜெட் போட்டவள் நான். 'கருத்தாளர்' என்ற தலைப்பில் பேராசிரியர் ஒருவருக்கு 3,000 ரூபாய். விழுப்புரம் பக்கமிருந்து வந்த எட்டுப் பேர் பறைக் குழுவுக்கு வேன் வாடகை மட்டும். அறிக்கையில் 'கலை நிகழ்ச்சி' என்று ஒரு வரியும் ஒரு போட்டோவும். அந்தப் போட்டோதான் அறிக்கையின் அட்டையிலும் வந்தது. பேராசிரியர் நாற்பது நிமிடம் பேசினார். அவர்கள் காலையில் பந்தலில் ஆரம்பித்து, விருந்தினர் வரும்போதெல்லாம் அடித்து, சாயங்காலம் வரை இருந்தார்கள். சமூகவியலில் முதுகலை முடித்தவள் நான். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குவது என்று அம்பேத்கர் எழுதியதைத் தேர்வில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். பேசுவது அறிவு, அடிப்பது உடம்பு என்ற அதே அடுக்கை எக்செல் ஷீட்டில் என் கையால் போட்டபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியபோது கூட்டத்தில் நானும் இருந்தேன். பத்தொன்பது பேர். கானாவும் பறையும் கிட்டாரும் ஒன்றாக. வடசென்னைப் பசங்களுக்கு அது என்ன செய்தது என்று சொல்லில் அடக்க முடியாது. அதற்குப் பிறகு கல்லூரி வாசகர் வட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பேண்டு வேண்டும் என்றாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் அந்த மேடைக்குப் பின்னால் ஓர் அமைப்பு இருந்தது, ஏற்பாடு இருந்தது. அந்த ஒளியை மட்டும் பார்த்துவிட்டு, "நாமும் ஒரு பேண்டைக் கூப்பிடுவோம்" என்றால் அந்த ஒளிக்கான செலவு எங்கள் பாக்கெட்டிலிருந்து போகிறது.

இயக்கத்திடம் காசு இல்லை என்பது எனக்குத் தெரியும். மாணவர்கள் 50, 100 என்று வசூலித்து நடத்தும் கூட்டம் அது. ஆதிக்கச் சாதிச் சங்கங்களைப் போல் நமக்குக் கல்யாண மண்டபமும் கிடையாது, தொழிலதிபரும் கிடையாது. சில இடங்களில் இலவசமாகத்தான் வாசிக்க வேண்டும். நாங்கள் வாசித்திருக்கிறோம், இனியும் வாசிப்போம். ஒரு சாதி ஆணவக் கொலைக்குப் பின் நடந்த கண்டனக் கூட்டத்துக்கு நாங்களே போன் செய்து, வரலாமா என்று கேட்டுப் போனோம். அங்கே காசு என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை.

மறுக்க முடிந்தால்தான் அது நன்கொடை. தாத்தாவிடம் அந்த மறுப்பு இல்லை. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காகவே நம் கிராமங்களில் எத்தனை குடிசைகள் எரிந்தன, எத்தனை பேர் ஊரைவிட்டு விலக்கப்பட்டார்கள் என்று நமக்குத் தெரியும். அந்த மறுப்பைக் கொண்டாடுகிற மேடையில், மறுக்க முடியாமல் ஒருவர் வந்து வாசிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே தம்பி தங்கைகளிடம் கேட்பது பெரிய தொகை அல்ல. பட்ஜெட் போடும்போது பந்தலுக்குப் பக்கத்தில் எங்களையும் எழுதுங்கள். 500 ரூபாயோ 200 ரூபாயோ, ஒரு எண்ணை எழுதுங்கள். ஒன்றுமே முடியாது என்றால் கணக்கைக் காட்டுங்கள். இவ்வளவு வந்தது, இவ்வளவு போகிறது என்று தெரிந்தால், வருவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவெடுப்போம். பேச வருகிறவர்களிடமும் அதே கணக்கைக் காட்டுங்கள். அவர்கள் மதிப்பூதியத்தை விட்டுக்கொடுக்கக்கூடும், யார் கண்டது.

எங்கள் ட்ரம்மர் போன வருடம் விலகிவிட்டார். கல்யாணக் கச்சேரிக்குப் போகும் ஒரு லைட் மியூசிக் ட்ரூப்பில் வாசிக்கிறார். "அங்க மரியாதை கம்மிதான் அக்கா. ஆனா வாசிச்ச அன்னிக்கே பேமெண்ட். இங்க வந்தா ஒரு சாயங்கால ஆர்டர் எல்லாம் போயிடுது, வீட்ல கேக்கறாங்க." அவரிடம் நான் என்ன பதில் சொல்ல முடியும்? இப்போது என் சர்ச்சிலிருந்து ஒரு பையனை அழைத்துப் போகிறேன். அவனுடைய கால் இன்னும் என் விரலுக்குப் பழகவில்லை.

இந்த ஏப்ரலில் ஒரு கல்லூரி வாசகர் வட்டத்திலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். கூச்சத்தை விட்டுவிட்டுக் கேட்டேன், "வசூல் எவ்வளவுப்பா, செலவு என்னென்ன?" கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். ராத்திரி ஒரு நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். வசூல் 23,400. சவுண்ட் 9,000. ஃபிளெக்ஸ் மூன்று, 4,500. கீழே ஒரு குறிப்பு: "அக்கா ரெண்டு ஃபிளெக்ஸ கட் பண்ணிட்டா 3,000 வருது. ஓகேவா?" ஆளுக்கு 600. போனோம். மிச்சமிருந்த ஒரே ஃபிளெக்ஸில் பேச்சாளர்கள் ஏழு பேரின் பெயருக்கும் பட்டத்துக்கும் கீழே எங்கள் குழுவின் பெயரும் இருந்தது, எழுத்துப் பிழையோடு.