மடியில் வைப்பதா, மேஜையில் வைப்பதா?

பிளஸ் டூ முடிவு வந்து கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டால், நடுத்தரக் குடும்பங்களில் ஒரு வழக்கு ஆரம்பமாகிறது. வாதி, மகன். பிரதிவாதி, தந்தை. நீதிபதி ஸ்தானத்தில் தாய். "கேமிங் லேப்டாப் வேண்டும்" என்பதே வழக்கு.

"கம்ப்யூட்டர் படிப்பில் சேர்கிறேன், அப்பா! சாதாரண லேப்டாப் போதாது" என்கிறான் மகன்.

"படிப்புக்கா, விளையாட்டுக்கா?" என்று கேட்கிறார் தந்தை.

இரண்டுக்கும்தான். இதை மறைப்பதில் பயனில்லை. முந்திய தலைமுறைப் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டை கேட்டார்கள். இந்தத் தலைமுறை இதைக் கேட்கிறது. 'கேமிங்' என்ற சொல் காதில் விழுந்ததும் ஆன்லைன் ரம்மியை நினைத்து நடுங்கும் பெற்றோர்கள் உண்டு. அது வேறு, இது வேறு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் பார்லிமென்டு சட்டமே இயற்றிவிட்டது. பையன் கேட்பது சூதாட்டமல்ல.

ஆனால் காசு வேறு வழியில் போகிறது!

வீட்டில் இதற்கென்று எழுபதாயிரம் ரூபாய் புரட்ட முடியும் என்று வைத்துக்கொள்வோம். பாதி, சீட்டு எடுத்த பணம். மீதி, அம்மாவின் வளையல் அடகுக்குப் போன பணம். அந்த எழுபதாயிரத்துக்குள் 18 சதவிகித ஜி.எஸ்.டி. வரி மட்டும் ரூ.10,600-க்கு மேல் அடங்கியிருக்கிறது. பொருள் சரியில்லை என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால் வேறு வாங்க வழி கிடையாது. பாதி விலைக்கு விற்பதும் கஷ்டம். பணக்கார வீட்டில் இது ஆசைப் பிரச்சினை. இந்த வீட்டிலோ ஒரு வருஷத்துச் சேமிப்பின் பிரச்சினை.

அப்படியானால் மடியில் வைக்கும் லேப்டாப்பா? மேஜையில் வைக்கும் கம்ப்யூட்டரா? சென்னை ரிச்சி தெருவில் இரண்டாவதைச் 'சிஸ்டம்' என்பார்கள். பாகங்களைத் தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பதற்கு 'அசெம்பிள்' என்று பெயர்.

பெயர் ஒன்று, சரக்கு வேறு

கேமிங் மெஷினுக்கு உயிர் கிராஃபிக்ஸ் கார்டு. திரையில் ஓடும் படத்தைக் கணக்கிட்டு வரைந்து தள்ளுவது அதுதான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவதும் அதன் பெயர்தான். வாங்குகிறவர் ஏமாறுவதும் இங்கேதான்.

என்விடியா கம்பெனி 2023-இல் வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 4070-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மேஜைக் கம்ப்யூட்டருக்கான 4070-இல் 5,888 கணக்கிடும் கூறுகள் உண்டு. நினைவகம் 12 ஜி.பி. லேப்டாப்பில் வரும் 4070-இல் 4,608 கூறுகள். நினைவகம் 8 ஜி.பி. பெயர் ஒன்றே. சரக்கு ஒன்றல்ல! நெடுஞ்சாலை நெடுகிலும் 'கும்பகோணம் டிகிரி காபி' என்று பலகை தொங்குகிறது. எல்லாக் கடையிலும் கும்பகோணத்துக் காபியா கிடைக்கிறது?

அதற்குக் கீழ்ப்படியான 4060-இல் சூட்சுமம் வேறு. இரண்டிலும் கூறுகள் ஒரே எண்ணிக்கைதான்: 3,072. மேஜைக் கார்டு 115 வாட் மின்சாரம் எடுத்து முழு வேகத்தில் ஓடும். லேப்டாப்பிலோ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரையில் எந்த அளவில் ஓட விடுவது என்பது லேப்டாப் செய்யும் கம்பெனியின் இஷ்டம். மெல்லிய லேப்டாப்பாக இருந்தால் சூடு தாங்காது; ஆகவே வாட்டைக் குறைத்துவிடுவார்கள். அதே பெயர் போட்ட இரண்டு லேப்டாப்புகளை அருகருகே வைத்து ஓட்டினால் ஒன்று பாயும், மற்றொன்று மூச்சு வாங்கும். விலைச் சீட்டில் இந்த வாட் கணக்கு இருப்பதில்லை. கடைப் பையனைக் கேட்டால் பெரும்பாலும் அவனுக்கும் தெரியாது.

சூடும் ரிப்பேரும்

சூடு என்றதும் நம் ஊரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சித்திரை வெயிலில், ஏ.ஸி. இல்லாத அறையில், ஃபேன் காற்றே அனலாக வருகிறது. இரண்டு விரல் கனமுள்ள லேப்டாப்புக்குள் இருக்கும் சின்னஞ்சிறு விசிறிகள் அந்த அனலை இழுத்துத்தான் உள்ளே குளிர்ச்சி செய்ய வேண்டும். முடியாதபோது மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைப் பையன்கள் மெத்தை மேல் வைத்து ஆடுவார்கள். காற்றுத் துவாரம் அடைபடும். கொடுத்த காசுக்கு உரிய வேகம் வெயில் காலத்தில் கிடைக்காது.

மேஜைக் கம்ப்யூட்டரின் பெட்டியில் காற்றுக்கு இடமிருக்கிறது. தூசி படிந்தால் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றித் துடைத்துவிடலாம். ஒரு பாகம் போனால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் சில்லும் பிராஸஸரும் ஒரே மதர்போர்டில் பற்றவைக்கப்பட்டவை. ஒன்று போனால் பலகையையே மாற்றச் சொல்வார்கள். வாரண்டி முடிந்தபின் அப்படி நேர்ந்தால், அந்தச் செலவுக்குப் பயந்து லேப்டாப் பரண்மேல் ஏறிவிடும்.

இதைவிட முக்கியமானது, சிஸ்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்க்கலாம் என்பது. ஏ.எம்.டி. கம்பெனியின் ஏ.எம்.4 வகை மதர்போர்டை 2017-இல் வாங்கியவர்களில் பலர், 2022-இல் வந்த புதிய பிராஸஸரை அதே போர்டில் பொருத்திக்கொண்டார்கள். ஐந்து வருஷம்! லேப்டாப்பில் கூடுதல் ரேமோ எஸ்.எஸ்.டி.யோ போடலாம், அதுவும் இடமிருந்தால்தான். சில மாடல்களில் ரேமையும் பற்றவைத்துவிடுகிறார்கள்.

சிஸ்டத்தின் மறைவுச் செலவு

இவ்வளவு சொன்னதால் சிஸ்டம் எல்லா விதத்திலும் சிக்கனம் என்று எண்ணிவிட வேண்டாம். லேப்டாப் வாங்கினால் திரை, விசைப்பலகை, பாட்டரி எல்லாம் அதிலேயே அடக்கம். சிஸ்டத்துக்கு மானிட்டர் தனி, கீபோர்டு தனி, மவுஸ் தனி. ஆன்லைன் வகுப்புக்குக் காமிராவும் தனி. கரண்ட் போனால் அடுத்த கணமே அணைந்துவிடும் என்பதால் யு.பி.எஸ். ஒன்றும் வேண்டும். இவற்றுக்கே சுமார் பதினையாயிரம் ஆகிவிடும். எழுபதாயிரத்தில் பெட்டிக்கு மிஞ்சுவது ஐம்பத்தையாயிரம்தான். இந்தக் கணக்கைப் போடாமல் ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் மானிட்டர் வாங்கக் காசின்றித் திரும்பிவிடுவார்கள்.

மின்சாரமும் கூட. ஆடும் நேரத்தில் சிஸ்டம் 300 வாட், லேப்டாப் 150 வாட் என்று கொள்வோம். தினம் இரண்டு மணி நேரம் ஆடினால், இரண்டு மாதத்துக்குச் சிஸ்டம் 36 யூனிட், லேப்டாப் 18 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாயிற்றே என்று மகன் சொல்லுவான். அந்த நூறைக் குளிர்பெட்டியும் விசிறிகளும் எப்போதோ தின்றுவிட்டிருக்கும்!

போதாக்குறைக்கு, 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறியது. செயற்கை நுண்ணறிவுக் கூடங்களுக்கு நினைவகம் செய்வதில் லாபம் அதிகம் என்று தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் திரும்பின. மைக்ரான் கம்பெனி, பொது ஜனங்கள் வாங்கும் தனது 'குரூஷியல்' ரேம் வியாபாரத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஒரு வருஷம் முந்திய வீடியோவைப் பார்த்து விலைப் பட்டியல் போட்டுக்கொண்டு கடைக்குப் போனால் ஏமாற்றம்தான் மிச்சம்.

அப்படியிருந்தும் சிஸ்டத்தின் பக்கமே தராசு சாய்கிறது. காரணம், முதல் நாளே கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

மகன் என்ன ஆடுகிறான் என்று எத்தனை தந்தையர் கேட்டிருக்கிறார்கள்? பல பையன்கள் ஆடுவது 'வாலரன்ட்'. அதை வெளியிட்ட ரயட் கம்பெனி, நொடிக்கு 144 படங்கள் ஓட, 2016-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. கார்டே போதும் என்று தன் குறிப்பில் தெரிவித்திருக்கிறது. அதற்கு எழுபதாயிரம் எதற்கு? ஏ.எம்.டி.யின் ரைஸன் 5 8600ஜி போன்ற பிராஸஸர்களில் ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. தனிக் கார்டு இல்லாமலே அம்மாதிரி ஆட்டங்களை ஆடலாம். 'சைபர்பங்க் 2077' போன்ற கனத்த ஆட்டங்களில் ஆசை பிறந்தால், ஒரு வருஷம் கழித்துக் கார்டைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்த வழியில் போகிறவர்கள் 8 ஜி.பி. ரேமாக இரண்டு போட வேண்டும். ஒற்றை ரேம் போட்டால் உள்ளிருக்கும் கிராஃபிக்ஸ் தவழும். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் வண்ண விளக்குப் போட்ட பெட்டியில் பிடிக்கலாம்.

இன்னொன்றையும் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட வேண்டும். புரோகிராம் எழுதப் பழகுவதற்குக் கிராஃபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. வீடியோ தொகுப்பு, முப்பரிமாணப் படம், செயற்கை நுண்ணறிவுப் பாடம் ஆகியவற்றுக்குத்தான் அது உதவும். முதல் வருஷத்திலேயே "படிப்புக்குக் கார்டு வேண்டும்" என்பது பெரும்பாலும் சாக்கு.

ஹாஸ்டலில் இருப்பவன் என்ன செய்வான்?

அவனுக்கு வேறு வழியில்லை. கட்டிலும் ஒரு சிறு அலமாரியும் உள்ள இடத்தில் சிஸ்டம் வைக்க முடியாது. விடுமுறைக்கு ஊருக்குத் தூக்கிக்கொண்டு வரவும் முடியாது. லேப்டாப்தான். ஆனால் கேமிங் லேப்டாப்பின் மறுபக்கத்தையும் அவன் தெரிந்துகொள்ள வேண்டும். கனம் பெரும்பாலும் இரண்டேகால் கிலோ அளவில் இருக்கும். சார்ஜர் அரைக் கிலோ தனி. விமானத்தில் தனி அனுமதியின்றி 100 வாட்-மணிக்கு மேற்பட்ட பாட்டரி கொண்டுபோகக் கூடாது என்பதால், எந்தக் கம்பெனியும் அதைத் தாண்டிப் பெரிய பாட்டரி வைப்பதில்லை. மலிவு மாடல்களில் சுமார் 50-தான். ஆட்டத்தில் மெஷின் 100 வாட் இழுத்தால் அரை மணி நேரத்தில் பாட்டரி காலி. ஆகையால் பிளக்கை எடுத்தவுடன் அது வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். எங்கும் எடுத்துச் சென்று ஆடலாம் என்று விளம்பரம் சொல்கிறது. சுவரில் பிளக் இருக்கும் இடத்தில் மட்டுமே ஆடலாம் என்பதே உண்மை.

அதுவே வேண்டுமென்றால் வாங்கட்டும். கடன் மட்டும் வேண்டாம். 'வட்டியில்லாத் தவணை' என்று பலகை வைத்திருப்பார்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என 2013-லேயே ரிசர்வ் பாங்கு மற்ற பாங்குகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும். பரிசீலனைக் கட்டணம் வந்து சேரும். வட்டி வேறு பெயரில் உட்கார்ந்திருக்கும்.

வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய்வரும் பிள்ளைக்குச் சிஸ்டம்தான் சரி. வகுப்புக்கு லேப்டாப் வேண்டாமா என்றால், தமிழ்நாட்டில் அதற்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. 2011-இல் பிளஸ் டூ மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கிய மாநிலம் இது. 2025 பட்ஜெட்டில், இரண்டு வருஷத்தில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கையடக்கக் கணினி அல்லது லேப்டாப் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 2026 ஜனவரியில் விநியோகமும் ஆரம்பமாயிற்று. அந்த லேப்டாப் விளையாட்டுக்கு ஆகாது. வகுப்புக்கும் பாடத்துக்கும் தாராளமாகப் போதும். அதைப் பெற்ற வீட்டில், கையிலுள்ள பணத்தைப் போட்டு இரண்டாவதாக ஒரு லேப்டாப் வாங்குவது வீண்.

சிஸ்டத்துக்கு இன்னொரு நன்மை உண்டு. வழக்கில் அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஏனென்றால் அதற்குரியவள் வழக்கில் கட்சிக்காரியே அல்ல. பத்தாம் வகுப்புப் படிக்கும் தங்கை! லேப்டாப் அண்ணனுடையது. அவன் பையில் போகும், அவன் அறையில் தூங்கும். "தொடாதே" என்பான். கூடத்து மேஜையில் இருக்கும் சிஸ்டத்தைத் தொடாதே என்று சொல்ல முடியாது. அவள் மாலையில் உட்காருவாள்; அவன் இரவில் உட்காருவான். அம்மாவின் வளையலை அடகு வைத்த பணத்தில் அவளுக்கும் பங்கு இல்லையா?

கடைகளுக்கும் ஒரு வார்த்தை. பிஸ்கட் பொட்டலத்தில் எத்தனை கிராம் என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம். ஒரு லட்சம் ரூபாய் லேப்டாப்பின் விலைச் சீட்டில் கிராஃபிக்ஸ் சில்லு எத்தனை வாட்டில் ஓடும் என்று எழுத ஏன் கூடாது? கம்பெனிகளிடம் அந்தக் கணக்கு இருக்கிறது. அதை வெளியே எழுதும்படி அரசாங்கம் உத்தரவு போடலாம். அதுவரை, பில் போடும் முன் வாங்குகிறவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அசெம்பிள் செய்பவர்கள், ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணையும் பில்லில் எழுதி வாங்க வேண்டும். வாரண்டி பாகத்துக்குப் பாகம் தனித்தனி. அட்டைப் பெட்டிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல் பரணில் வைத்திருப்பது நல்லது.