பழுதுக் குறியீடு தீர்ப்பன்று

திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் சாலை மோட்டார் வண்டிகளுக்கு ஓர் உரைகல்லாகும். சித்தூரிலிருந்து சமவெளியில் குறையேதுமின்றி ஓடிவந்த கார், நிறைந்த பாரத்துடன் ஏற்றத்தில் திணறுவதுண்டு. அப்பொழுது ஓட்டுநருக்கு முன்னுள்ள பலகையில் எஞ்சின் வடிவான மஞ்சள் விளக்கு எரியும். 1974-இல் இந்த இரண்டாவது மலைச்சாலை அமைந்த காலத்தில் மெக்கானிக் தம் செவியாலும் மூக்காலும் அறிந்த குறைகளை, இன்று வண்டியிலுள்ள கணிப்பொறியே கண்டு, குறியீடாக எழுதி வைக்கிறது. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதல் பொதுமுறையாகிய இவ்வேற்பாடு, இந்தியாவில் 2010-க்குப் பின் படிப்படியாகக் கட்டாயமாயிற்று.

குறியீட்டைப் படிப்பது கடினமன்று. ‘பி 0301’ என்பதில் ‘பி’ எஞ்சினையும் பல்சக்கரப் பெட்டியையும் குறிக்கும். அடுத்த பூஜ்யம், இது எல்லா உற்பத்தியாளர்க்கும் பொதுவான குறியீடு என்பதைக் காட்டும். 3 என்பது எரியூட்டலைச் சார்ந்தது. முதலாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பதே முழுப் பொருள். ஏன் தவறுகிறது என்பதை அது கூறுவதில்லை. ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், இஞ்செக்டர், அழுத்தக் குறைவு ஆகிய எதுவும் காரணமாகலாம். முதலாம் சிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கு மாற்றிப் பார்த்தால், குறியீடும் ‘பி 0302’ என மாறுமாயின் குற்றம் காயிலுடையது. இச்சோதனைக்குக் காசு செலவில்லை. எனினும் குறியீட்டைக் கண்டவுடன் புதுப் பொருளுக்குச் சீட்டெழுதும் வழக்கமே பெருகியிருக்கிறது.

‘பி 0171’ இன்னும் தெளிவான உதாரணம். கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்துள்ளது என்பது அதன் பொருள். காற்றுக் குழாயில் வெடிப்பு இருக்கலாம்; பெட்ரோல் பம்பு தளர்ந்திருக்கலாம். ஆனால் பலர் முதலில் கழற்றி எறிவது, உண்மையை உரைத்த ஆக்ஸிஜன் உணர்கருவியையே! தூதனைக் கொல்லலாகாது என்ற விபீஷணன் நீதி பட்டறைக்கும் பொருந்தும்.

இதனினும் கேடானது குறியீட்டை உடனே அழித்துவிடுவது. பழுது தோன்றிய கணத்தில் எஞ்சினின் வேகம், பாரம், குளிர்நீரின் வெப்பம் முதலியவற்றைக் கணிப்பொறி சேமித்து வைக்கிறது. மலையேற்றத்தில் மட்டும் தோன்றும் குறையைச் சமவெளிப் பட்டறையில் ஆராய்வோர்க்கு இதைவிடச் சிறந்த தடயம் கிடையாது. அழித்தால் விளக்கு அணையும், தடயமும் போய்விடும். விளக்கு விட்டுவிட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கியில் எரிந்து அதைப் பாழாக்கக்கூடும். அந்நிலையில் வேகத்தையும் பாரத்தையும் குறைத்து, தக்க இடத்தில் வண்டியை நிறுத்துவதே முறை.

காத்திருக்க வாடிக்கையாளருக்குப் பொறுமையில்லை என்று பட்டறையாளர் கூறுவதிலும் நியாயமுண்டு. மேலும், பொதுக் குறியீடுகளைச் சிறு கருவியே படித்துவிடும். உற்பத்தியாளரின் தனிக் குறியீடுகளுக்கு அவர்தம் கருவியும் குறிப்பேடும் வேண்டும். உதிரிப் பொருள்களையும் ஆய்வுக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்கு எட்டாமல் வைத்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அவ்வாணை மேல்முறையீடுகளுக்கு உள்ளாயிற்று. கருவி கிடைத்தாலும் போதாது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூர்ப் பகுதியில், குறியீட்டின் விளக்கம் அவ்விரு மொழிகளிலும் மெக்கானிக்கின் கையில் இருத்தல் வேண்டும்.

தொழிற்பயிற்சி ஆசிரியர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. குளிர்நீர் வெப்ப உணர்கருவியின் இணைப்பை மாணவர் அறியாமல் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டலாம். கொதிக்கும் எஞ்சினைக் கணிப்பொறி உறைபனியினும் குளிர்ந்ததாகக் காட்டும், குறியீடும் பதிவாகும். உணர்கருவியை மாற்ற வேண்டுமென மாணவர் எழுதியபின், கழன்ற கம்பியைக் காட்டலாம்.