மாலை 4 மணி யாருடைய பொறுப்பு?

நாமக்கல் மாவட்டத்தில் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் இரண்டு விதமான கஷ்டம் இருக்கிறது. மலைக்குக் கீழே பள்ளி வாசலில் வண்டிகள் அதிகம். மலைக்கு மேலே வண்டியே கிடைப்பதில்லை. கீழே நடப்பதைப் பத்திரிகையில் படம் பிடித்துப் போடுகிறார்கள். மேலே நடப்பதை யாரும் படம் பிடிப்பதில்லை. இரண்டும் வேறு வேறு பிரச்சினை என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். இல்லை, இரண்டும் ஒன்றுதான் என்பது என் கட்சி.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வரி. புதுவையில் பிரெஞ்சு மீடியத்தில் படித்து, அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனைவிக்குச் சேந்தமங்கலம் பக்கம். அதனால் இந்தப் பக்கம் வந்து, கடைசியில் செம்மேட்டில் குடியேறிவிட்டேன். மருந்துக்கும் பாங்குக்கும் மாதம் இரண்டு தடவையாவது 70 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, காரவள்ளி வழியாக நாமக்கல் போகிறேன். அதனால் மேலே நடப்பதும் தெரியும், கீழே நடப்பதும் தெரியும்.

முதலில் கீழே நடப்பதைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் இதே கதைதான். மணி அடிக்க அரை மணி முன்பே வாசலுக்கு இரண்டு பக்கமும் பைக், ஸ்கூட்டர், கார், ஆட்டோ, ஆம்னி வேன். முன்னால் வந்தவர் கேட்டை மறித்து நிற்பார். பின்னால் வந்தவர் அவருக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசை போடுவார். மூன்றாவது வரிசை நடு ரோட்டில். இந்த நேரம் பார்த்து மஞ்சள் பஸ்கள் ஒவ்வொன்றாகக் கேட்டை விட்டு வெளியே வரும். பின்னாலிருந்து டவுன் பஸ் ஹாரன் அடிக்கும். இத்தனைக்கும் நடுவில், தன் உயரத்தில் பாதிக்குப் பையை மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி ரிவர்ஸ் எடுக்கும் காருக்குப் பின்னால் ஒரு இரண்டாம் வகுப்புப் பிள்ளை நிற்கும். டிரைவர் கண்ணாடியில் அந்தப் பிள்ளையின் தலை தெரியாது.

இதற்கு "ரோடு குறுகல்" என்று காரணம் சொல்கிறார்கள். அகலப்படுத்தினால் சரியாகிவிடுமாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பஸ் சுமார் 36 அடி நீளம். அதில் 50 பிள்ளைகள் உட்காரலாம். அதே 50 பிள்ளைகளை ஆளுக்கொரு காரில் அழைத்துப் போனால், முன்னும் பின்னும் இடைவெளி சேர்த்து ஒரு காருக்கு 20 அடி என்றாலும், 1000 அடி ரோடு வேண்டும். 36 அடிக்குப் பதில் 1000 அடி. இந்த வித்தியாசத்தை எந்த நெடுஞ்சாலைத் துறையாலும் அகலப்படுத்தி அடைக்க முடியாது.

பிள்ளைகளை இத்தனை தூரம் அனுப்பும் நிலை எப்படி வந்தது? நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். காமராஜர் காலத்தில் ஊருக்கு ஊர் பள்ளி திறந்தார்கள். பக்கத்துப் பள்ளிக்குப் பிள்ளைகள் நடந்தே போனார்கள். 1964 முதல் 1966 வரை வேலை பார்த்த கோத்தாரி கமிஷன், பணக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் ஒரே அண்மைப் பள்ளியில் படிக்க வேண்டும் என்று பரிந்துரை செய்தது. நான் படித்த மொழிக்குச் சொந்தமான பிரான்சிலும் 1963ல் ஓர் ஏற்பாடு வந்தது. "கார்த் ஸ்கோலேர்" என்று பெயர். உன் வீடு எந்தப் பகுதியோ, அந்தப் பகுதிக்குரிய அரசுப் பள்ளிதான் உனக்கு. 2007ல் அதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள், ஆனால் ஒழித்துவிடவில்லை. நம் நாட்டில் கோத்தாரி சொன்னதை ஏட்டோடு விட்டுவிட்டோம்.

நம் மாவட்டமோ ஒரு படி மேலே போனது. 1997ல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல், லாரிக்கும் முட்டைக்கும் பெயர் வாங்கியது போதாதென்று பிளஸ் டூ ரேங்குக்கும் பெயர் வாங்கியது. எந்தெந்த ஊரிலிருந்தோ பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதியில் சேர்த்தார்கள். கோழிப்பண்ணைப் பள்ளிகள் என்று ஊரே கேலி பேசியது. 2017ல் அரசாங்கம் ரேங்க் பட்டியலை நிறுத்தியது. ரேங்க் போனாலும் பழக்கம் போகவில்லை. வீட்டு வாசலில் ஒரு பள்ளி இருக்க, 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பள்ளிதான் உயர்ந்தது என்ற எண்ணம் அப்படியே நிற்கிறது. அந்த எண்ணத்தின் நீளம்தான் பள்ளி வாசலில் நிற்கும் வண்டி வரிசையின் நீளம்.

இனி மேலே வாருங்கள். கொல்லிமலையில் வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடு நாடாக ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. காப்பித் தோட்டத்துக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவில் பத்து வீடு, இருபது வீடு. தொடக்கப்பள்ளி எப்படியாவது எட்டிவிடும். ஒன்பதாம் வகுப்பு, பதினோராம் வகுப்பு என்றால் தூரம் போக வேண்டும். பிள்ளைகளுக்குக் கட்டணமில்லா பஸ் பாஸ் இருக்கிறது. பாஸ் இருந்து என்ன, பஸ் வரவேண்டாமா? பள்ளி விட்டு வருவதற்கும் பஸ் கிளம்புவதற்கும் பத்து நிமிஷம் ஒத்துவராமல் போனால், அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது நடக்க வேண்டும், அல்லது மிளகு மூட்டை ஏற்றிப் போகும் பிக்கப் வேனில் தொங்கிக்கொண்டு போக வேண்டும். மலையில் சீக்கிரம் இருட்டும், மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம். வயசுக்கு வந்த பெண் பிள்ளை இருட்டில் நடந்து வருவதை எந்த அம்மா பொறுப்பாள்? "படிச்சது போதும்" என்று ஒரு நாள் வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். பெண்ணுக்குப் படிப்பு வரவில்லை என்பதல்ல காரணம். சாயங்காலம் பஸ் வரவில்லை, அவ்வளவுதான்.

2009ல் வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தை ஒட்டி மத்திய அரசு வெளியிட்ட மாதிரி விதிகளில் இதற்கு இடம் இருக்கிறது. அண்மையில் பள்ளி இல்லாத சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இலவசப் போக்குவரத்து, தங்கும் வசதி போன்ற ஏற்பாடுகளை அரசு செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். இதில் இரண்டாவதை நம் அரசு செய்திருக்கிறது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் மலையில் இருக்கின்றன. அவற்றால் படித்து மேலே வந்தவர்கள் நிறைய. குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வேன் விட்டால் சாயங்காலம் அம்மா மடிக்குத் திரும்பக்கூடிய ஆறு வயசுப் பிள்ளை, வேன் இல்லை என்பதற்காக விடுதிப் பாயில் படுக்கக் கூடாது. முதலில் எழுதிய சொல்லை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டது நியாயமல்ல.

ஆக, கீழே ஒரு பிள்ளைக்கு ஒரு கார், மேலே ஒரு ஊருக்கே ஒரு பஸ் இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியை "அது பெற்றோர் பாடு" என்று விட்டுவிட்டோம். வண்டி உள்ள பெற்றோர் வண்டியோடு வந்து ரோட்டை அடைக்கிறார்கள். வண்டி இல்லாத பெற்றோர் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துகிறார்கள்.

இத்தனைக்கும் பிள்ளை பள்ளிக்கு வருவதற்கு என்ன என்ன தடை என்று யோசித்த மாநிலம் இது. பசி தடை என்றதும் மதிய உணவு வந்தது. தூரம் தடை என்றதும் பஸ் பாஸும் சைக்கிளும் வந்தன. சைக்கிள் சமவெளிக்குச் சரி. கொல்லிமலை ஏற்றத்தில் அதைத் தள்ளிக்கொண்டு போவதற்கு வெறுங்கையோடு நடப்பதே மேல்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம், பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு இரண்டாம் வகுப்புக் குழந்தை கீழே விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் மாட்டி இறந்தது. நாடே பதறியது. உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்கென்று சிறப்பு விதிகள் வந்தன. இப்போது ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறக்கும் முன் பஸ்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, தரையைத் தட்டிப் பார்க்கிறார்கள், அவசர வழியைத் திறந்து பார்க்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு பிள்ளை கால் வைக்கும் அந்த 200 அடி ரோட்டை யார் தட்டிப் பார்க்கிறார்கள்?

இங்கேதான் குமாஸ்தா புத்தி வேலை செய்கிறது. எந்தக் கோப்பும் ஒரு மேசைக்குச் சொந்தமாக இருந்தால்தான் நகரும். பள்ளி வாசல் நெரிசல் என்ற கோப்பைக் கல்வித் துறைக்கு அனுப்பினால், "கேட்டுக்கு வெளியே எங்கள் எல்லை இல்லை" என்று எழுதுவார்கள். போலீஸ், "ஆள் பற்றாக்குறை" என்று எழுதும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், "வாகனத் தகுதி மட்டுமே எங்கள் பொருள்" என்று எழுதும். போக்குவரத்துக் கழகம், "இத்தடத்தில் வசூல் போதாது" என்று எழுதும். உள்ளாட்சி, "நிதி இல்லை" என்று எழுதும். ஐந்து குறிப்பும் சரியான குறிப்புதான். ஐந்தும் சேர்ந்தால் பிள்ளை நடு ரோட்டில்.

வேறு இடங்களில் என்ன செய்தார்கள்? இத்தாலியில் பொல்சானோ என்று மலை சூழ்ந்த ஒரு ஊர். அங்கே 1989லேயே, பள்ளி தொடங்கும் போதும் விடும் போதும் பள்ளித் தெருவில் கார் வரக் கூடாது என்று சிறிது நேரத்துக்கு அடைத்தார்கள். பாரீஸில் 2020லிருந்து "ரூ ஓ ஸெகோல்", அதாவது பள்ளிகளுக்கான தெரு, என்று 200க்கும் மேற்பட்ட தெருக்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். 2025 மார்ச்சில் இன்னும் 500 தெருக்களை நடப்பவர்களுக்கு விடலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். ஓட்டுப் போட வந்தவர்கள் மிகக் குறைவு. வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் விடலாம் என்றார்கள்.

"ஐயா, அது பாரீஸ், இது நாமக்கல்" என்பீர்கள். நாமக்கல்லில் ரோட்டை அடைத்ததே இல்லையா? அனுமன் ஜெயந்தி அன்று ஆஞ்சநேயர் கோயிலைச் சுற்றிப் போக்குவரத்தை மாற்றுகிறோம். தேர் வந்தால் வீதியை விடுகிறோம். மந்திரி வந்தால் கயிறு கட்டுகிறோம். சாவு ஊர்வலம் போனால் பஸ்ஸே ஓரமாக நிற்கிறது. யாரும் முணுமுணுப்பதில்லை. சாமிக்கும் மந்திரிக்கும் பிணத்துக்கும் விடும் ரோட்டை, பிள்ளைகளுக்காக அரை மணி நேரம் விடக் கூடாதா?

"நாங்கள் வேலைக்குப் போகிறவர்கள், நிறுத்திவிட்டு நடக்க நேரம் ஏது?" என்று இளைய தலைமுறை கேட்கும். 200 மீட்டர் நடக்க மூன்று நிமிஷம். நெரிசலில் நிற்பது பதினைந்து நிமிஷம். "பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டாமா?" என்பார்கள். வேண்டும். ஜனங்கள் நடக்கிற தெருதான் பாதுகாப்பான தெரு. புதுவையில் நாங்கள் மதியச் சாப்பாட்டுக்கும் வீட்டுக்கு வந்து போனோம். ஒரு நாளைக்கு நாலு நடை. தெருவில் திண்ணைக்குத் திண்ணை ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். யார் வீட்டுப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். இன்று அந்தப் பெரியவர்கள் நாம்தான், ஆனால் திண்ணையில் இல்லை. பேரனை அழைக்க டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போய், கேட்டுக்கு முன்னால் முதல் வரிசையில் நிற்கிறோம்!

கேட்பது நாலே நாலு. ஒன்று, பள்ளி வாசலுக்கு இரு பக்கமும் 200 மீட்டருக்குக் காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் தனியார் வண்டி வரக் கூடாது. இரண்டு, சின்ன வகுப்புகளை முதலிலும் பெரிய வகுப்புகளைக் கால் மணி கழித்தும் விட வேண்டும். இதற்குக் காசே செலவில்லை. மூன்று, மலையில் சாயங்கால பஸ், மணி அடித்துப் பிள்ளைகள் ஏறிய பிறகு கிளம்ப வேண்டும். டிப்போ கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பக் கூடாது. பஸ் போக முடியாத ஊருக்கு வேன் விட வேண்டும். நான்கு, இந்த மூன்றுக்கும் ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரே ஒரு அதிகாரி பொறுப்பு என்று ஆட்சியர் ஆணை போட வேண்டும்.

திங்கள்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள் நடக்கிறது. நமக்கு நேரம் இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது, மனு எழுதத் தெரியும். பட்டா மாறுதலுக்கும் பென்ஷன் பாக்கிக்கும் வரிசையில் நிற்கிற நாம், ஒரு திங்கள்கிழமை இதற்காகவும் நிற்கலாம். மனுவை நானே எழுதித் தருகிறேன், ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. கையெழுத்துப் போட வருகிறவர்கள் வரலாம். கீழே இருப்பவர்கள், ஆட்சியர் பதில் வரும்வரை காத்திருக்காமல், நாளை சாயங்காலமே வண்டியை 200 மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு, பேரனின் பையை நீங்கள் வாங்கிக்கொண்டு நடந்து வாருங்கள். அதற்கு எந்த ஆணையும் வேண்டாம்.